இடாப்பின் முதற் பெயர்

முனவ்வறா டீச்சர் வரவு இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடும்போது தலையை நிமிர்த்துவதில்லை. பெயரைச் சொல்வார், குரல் வரும், பேனை ஒரு கோடு போடும். இருபத்தொரு வருடப் பழக்கம். தரம் இரண்டில் இருந்த முப்பது பிள்ளைகளில் யாருக்குச் சளித் தடிமன், யார் வீட்டில் ஏச்சு வாங்கிவிட்டு வந்தது, யார் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தது என்பதையெல்லாம் “வந்திரிக்கன் டீச்சர்” என்ற இரண்டு சொற்களிலேயே அறிந்துகொள்வார். அதில் அவருக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

ஆனால் இடாப்பின் முதற் பெயருக்கு உரிய குரலை அவர் கேட்டதேயில்லை. அம்ஹா என்று கூப்பிட்டதும் பக்கத்துக் கதிரையிலிருந்து சிபானாதான் எழும்புவாள்.

“அம்ஹா வந்திரிக்கா டீச்சர்!”

இருபது பெயர் கழித்துத் தன் பெயர் வரும்போதும் அதே உற்சாகத்தோடு எழும்புவாள். வகுப்பில் இதை யாரும் வேடிக்கையாக நினைப்பதில்லை. அம்ஹாவின் தண்ணீர்ப் போத்தல், அம்ஹாவின் பென்சில் பெட்டி, அம்ஹாவின் வாய் என்று மூன்றாவது பொருளாக சிபானா இருந்தாள்.

அம்ஹா முதலாம் தரத்தில் சேர்ந்த நாளிலிருந்து பாடசாலைக்குள் ஒரு சொல் பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கும். எழுத்து வரிசை தவறாது. புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரிக்கச் சொன்னால் மற்றவர்கள் ஆறாவது குவியலில் தடுமாறும்போது அவள் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள். சிரிப்பாள், ஆனால் சத்தம் வராது. கல்முனைக்குடியில் அவளுடைய வீட்டிலிருந்து பாடசாலைக்கு ஐந்து நிமிட நடை. வரும் வழியெல்லாம் பேசுவாளாம். வாசல் கேற்றுக்கு முன்னால் ஐஸ்பழ வண்டி நிற்கும் இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

அந்தப் பாடசாலையில் முதலாம் தரத்தை எடுக்கும் ஆசிரியரே அதே பிள்ளைகளோடு இரண்டாம் தரத்துக்குப் போவார். மூன்றாம் தரத்தில் பிள்ளைகள் வேறொருவரிடம் ஒப்படைக்கப்படுவார்கள். இரண்டாவது வருடத்தின் கடைசித் தவணையான மூன்றாம் தவணை தொடங்கியிருந்தது. அது முடிவதற்குள் ஒரு தடவை, ஒரு சொல். முனவ்வறா டீச்சர் விரும்பியது அவ்வளவுதான்.

அவரைச் சிறந்த ஆசிரியர் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. கணித பாடத்தில் பொறுமை இழப்பார். அழகாக எழுதும் பிள்ளைகளின் கொப்பியை முதலில் திருத்துவார். கிறுக்கல் கொப்பிகள் அடியில் கிடக்கும். உயர்தரத்தில் உயிரியல் படித்து, சில புள்ளிகளால் பல்கலைக்கழகம் தவறி, கல்வியியற் கல்லூரிக்குப் போனவர் அவர். ஆரம்பப் பிரிவு என்று நியமனம் வந்தபோது மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாவிதன்வெளிப் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில் முதல் நாள் ஒரு பிள்ளை அவருடைய சாரியில் மூக்கைத் துடைத்தபோது, இதற்காகவா தவளையின் இதயத்தை அவ்வளவு நேர்த்தியாக வரைந்து பழகினேன் என்று நினைத்தார். எப்போது அந்த நினைப்பு விட்டுப்போனது என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் விடுமுறையில் வீட்டில் இருந்தபோது காது எதையோ தேடியது. அது பிள்ளைகளின் இரைச்சல் என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மருதமுனையில் அவருடைய வீடு அமைதியானது. கணவர் நஸீர் கத்தாரில் வாகனம் ஓட்டுகிறார், பதினொரு வருடமாக. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் வருவார். மகன் ஸிராஜ் கொழும்பில் படிக்கிறான். இருவரும் போனில் குரலாக வருவார்கள். “சாப்பிட்டயா புள்ள? இஞ்ச இன்டைக்கிச் சரியான சூடு” என்று நஸீர் அனுப்பிய குரலை, அவர் மதியச் சோற்றுக்கு முன்னால் இருந்து கேட்பார். சிலதை இரண்டு தரம் கேட்பார். வீட்டில் ஆள் இல்லாத குரல்கள். வகுப்பில் குரல் இல்லாத ஓர் ஆள். இந்த ஒப்பீடு அவருக்குப் பாடசாலைக்குப் போகும் வழியில் ஸ்கூட்டியில் பாண்டிருப்பைத் தாண்டும்போது ஒருநாள் தோன்றியது. தோன்றியது பிடிக்காமல் வேகத்தைக் கூட்டினார்.

அம்ஹாவைப் பேசவைக்க அவர் செய்யாதது இல்லை. காலுறையில் பொத்தான் கண் வைத்துப் பொம்மை செய்தார். பொம்மையோடாவது கதைக்கட்டும் என்று பார்த்தார். அவள் அதன் வாயைத் திறந்து மூடினாள், அதுவும் சத்தமில்லாமல். காலநிலை அட்டவணையில் வெயிலா மழையா என்று சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார். அவள் சூரியனை ஒட்டிவிட்டு வந்தாள். வகுப்பின் மூலையில் வைத்த பாவனைக் கடையில் கடைக்காரியாக இருத்தினார். “அரைக் கிலோ சீனி தாங்க” என்று கேட்ட பிள்ளைகளுக்கு அவள் மணலைச் சரியாக அளந்து கொடுத்தாள். சிபானா பக்கத்தில் நின்று, “வேற என்ன வேணும்? கெதியாச் சொல்லுங்க, கடைய மூடப்போறம்” என்று அதட்டினாள். ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வந்து அரைமணி நேரம் பார்த்துவிட்டு, “காலப்போக்கில் சரியாகும்” என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிப் போனார். காலம் யாருடையது என்று அவர் எழுதவில்லை.

ஒருநாள் கேற்றடியில் அம்ஹாவின் உம்மா பிடித்துக்கொண்டார்.

“வீட்ட வாயே மூடமாட்டா டீச்சர். அவட வாப்பாக்கு ஒரு சொல்லு கதைக்க எடம் குடுக்கமாட்டா. நீங்க நம்பமாட்டீங்க.”

“நம்புறன். என்ன கதைப்பா?”

“உங்களப் போலத்தான் கதைப்பா. தலாணிய எல்லாம் வரிசையா வெச்சி, ‘கைய வாயில வெக்காதீங்க, கொப்பிய நேர வைங்க’ எண்டு. இருங்க, நான் ஒருநாளைக்கி வொய்ஸ் எடுத்து அனுப்புறன்.”

வேண்டும், வேண்டாம் என்று முனவ்வறா டீச்சர் சொல்வதற்குள் அவர் போய்விட்டார். அன்று பின்னேரமே குரல் வந்தது. நாற்பத்தேழு வினாடி. நஸீரின் பெயருக்குக் கீழே, கேட்கப்படாத அடையாளத்தோடு கிடந்தது. டீச்சர் விரலைக் கொண்டுபோய் இரண்டு தடவை எடுத்தார். தலையணைகளுக்கு முன்னால் ஒரு பிள்ளை பேசியது. அவருக்கு முன்னால் பேசவில்லை. கதவிடுக்கில் காது வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தார். வித்தியாசம் எதுவும் கிடைக்காததால் போனைக் கவிழ்த்து வைத்தார். ஆனால் அதை அழிக்கவுமில்லை.

அந்தப் பிழை நடந்தது மாரி மழை தொடங்கிய வாரத்தில். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாதிப் பிள்ளைகள் நனைந்து வந்திருந்தார்கள். ஒருவனுடைய செருப்பு வடிகானோடு போய்விட்டது, அதற்கு ஓர் அழுகை. டீச்சர் வழக்கம்போலக் குனிந்தபடி இடாப்பைத் திறந்தார்.

“அம்ஹா.”

சத்தம் இல்லை.

“அம்ஹா!”

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. டீச்சர் வரவில்லை என்று வட்டம் போட்டார். அடுத்த பெயருக்குப் போனார். இருபது பெயர் கழித்து சிபானாவின் பெயரிலும் சத்தம் வரவில்லை; அதற்கும் வட்டம். சிபானாவுக்குக் காய்ச்சல் என்று மேல்வகுப்பில் படிக்கும் அவளுடைய காக்கா வந்து சொல்லிவிட்டுப் போனது அதற்குப் பிறகுதான்.

இடாப்பை அலுவலகத்துக்குக் கொண்டுபோவது பிள்ளைகளின் முறை. அந்த வாரம் அம்ஹாவின் முறை. டீச்சர் நீட்டிய இடாப்பை அவள் வாங்கிக்கொண்டு போனாள். நீட்டியபோதும் அவர் மற்றக் கையால் ஒரு பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். யார் வாங்கியது என்று பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் அவள் இடாப்போடு திரும்பி வந்தாள். மேசையில் வைத்து விரித்தாள். முதற் பெயரில் ஒரு விரலை வைத்து, அதைக் கோட்டோடு நகர்த்திக்கொண்டு போய் அன்றைய வட்டத்தில் நிறுத்தினாள். வாசிப்பு வரியில் சொற்களைத் தொட்டு வாசிக்க டீச்சர் பழக்கிய அதே முறை.

“அல்லாஹ்வே… மகள்…” என்றார் டீச்சர்.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல், “டீச்சர் அம்ஹாவக் காணல்லயாம்டா!” என்றது. வகுப்பு சிரித்தது. அம்ஹா அழவில்லை. விரலை எடுத்துக்கொண்டு போய்த் தன் கதிரையில் இருந்தாள்.

இடாப்பில் அழிக்கவோ மேலே எழுதவோ கூடாது. திருத்துவதென்றால் பாடசாலை அதிபரின் ஒப்பம் வேண்டும். றாஸிக் அதிபர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இதுல என்ன இரிக்கு டீச்சர்? வட்டத்தக் குறுக்கால வெட்டிப்போட்டு நான் பக்கத்துல ஒப்பம் வெச்சாச் சரி.” பேனையை எடுத்தவர் நிறுத்தினார். “ஆனா ஒண்டு கேக்கன். புள்ள எங்க இரிந்த?”

“முன் வரிசைலதான் சேர்.”

“அப்ப நீங்க எங்க இரிந்தீங்க?”

பகிடியாகத்தான் கேட்டார். சிரித்துக்கொண்டே ஒப்பம் வைத்தார். முனவ்வறா டீச்சர் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக அந்தப் பிள்ளையின் குரலுக்கு ஏங்கியதாக அவர் நினைத்திருந்தார். குரல் வராத இடத்தில் பிள்ளையே இல்லை என்று கை தானாக எழுதியிருக்கிறது. ஒன்றுக்காகக் காத்திருப்பவர் அதைத் தவிர மற்ற எதையும் காணாமல் போகக்கூடும். இந்த எண்ணம் அவருக்கு ஆறுதல் தரவில்லை.

அடுத்த நாள் அம்ஹா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாளும் முதற் பெயரில் வட்டம் விழுந்தது; இந்த வட்டங்கள் சரியானவை, யாரும் வெட்டமுடியாதவை. சிபானா காய்ச்சல் மாறி வந்து, பக்கத்துக் கதிரையைப் பார்த்துவிட்டு, “டீச்சர், நான் அம்ஹாக்கும் சேத்துக் கொப்பி எழுதட்டா?” என்று கேட்டாள்.

“வேணாம் மகள். உங்கட கொப்பிய மட்டும் எழுதுங்க.”

பாடசாலை விட்டதும் டீச்சர் ஸ்கூட்டியை வீட்டுப் பக்கம் திருப்பாமல் கல்முனைக்குடி ஒழுங்கைக்குள் விட்டார். அம்ஹாவின் உம்மா வாசலுக்கு ஓடிவந்தார்.

“வாங்க டீச்சர், உள்ளுக்கு வாங்க. நானே வரணுமெண்டு இரிந்த. காய்ச்சலும் இல்ல, ஒண்டுமில்ல. வெளிக்கிட மாட்டன் எண்டு நிக்கா.”

“ஏனாம்?”

உம்மாவுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்.

“‘நான் போனாலும் இல்லதானே, வீட்ட இரிந்தாலும் இல்லதானே. அப்ப வீட்டயே இரிக்கன்’ எண்டு சொல்றா டீச்சர். இந்தக் கதைக்கி நான் என்னத்தச் சொல்ற?”

முனவ்வறா டீச்சர் எடுத்த கோப்பையைத் திரும்பக் கீழே வைத்தார். அந்த வாதத்தில் பிழை இல்லை. அம்ஹாவின் ஒரு முழு வாக்கியத்தை முதன்முதலாகக் கேட்கிறார், அதுவும் வேறொருவர் வாயால்.

உள்ளறைக் கதவில் பூப்போட்ட சீலை தொங்கியது. அதன் கீழே மருதோன்றி போட்ட இரண்டு பாதங்கள் தெரிந்தன. டீச்சர் பாதங்களைப் பார்த்துக் கதைத்தார்.

“மகள், நான் உங்களக் கூப்பிட்டன். ஆனா பார்க்கல்ல. காதால மட்டும் தேடினன். பிழை என்டதான்.”

பாதங்கள் அசையவில்லை.

“இன்னொண்டு இரிக்கு. உங்கட உம்மா உங்கட குரல எடுத்து எனக்கு அனுப்பின. தலாணிக்குப் படிச்சிக் குடுக்கிற குரல். நான் அதக் கேக்கல்ல. கேக்க ஆசதான். ஆனா நீங்க எனக்குச் சொன்ன கதையில்லதானே அது.” போனை எடுத்தார். “இந்தா, அழிக்கன்.”

“ஐயோ டீச்சர், அத ஏன் அழிக்கீங்க?” என்றார் உம்மா.

நாற்பத்தேழு வினாடி போய்விட்டது. சீலையின் ஓரத்தில் ஒரு கண் தெரிந்து மறைந்தது. டீச்சர் ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு எழும்பினார். நாளைக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல நினைத்திருந்தார், வாயில் வரவில்லை.

அன்று மாலை மட்டையை வெட்டி முப்பது பெயர் அட்டை செய்தார். பழைய துணியில் முப்பது பைகள் தைத்தார். காலையில் அதை வகுப்பறைச் சுவரில் கொழுவினார். வருகிற பிள்ளை தன் அட்டையை மேசையிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் வைக்கவேண்டும். டீச்சர் அதைப் பார்த்து இடாப்பில் எழுதுவார். பெயர் கூப்பிடுவது இல்லை.

அம்ஹா வந்தாள். சற்றுப் பிந்தி, தலை நன்றாக வாரி, ஒன்றும் நடக்காததுபோல வந்தாள். சிபானா பழக்கத்தில் ஓடிப்போய் இரண்டு அட்டைகளையும் எடுத்தாள். அம்ஹா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, தன் அட்டையை வாங்கிக்கொண்டாள்.

“டீச்சர், இவ எனக்கு நுள்ளுறா!”

“அது அவட பேர்தானே மகள். குடுங்க.”

“நான்தானே எப்பயும் சொல்றது!” என்றாள் சிபானா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடம் செய்த வேலையை ஒரே காலையில் இழந்த பிள்ளையிடம் டீச்சர் வெண்பலகை அழிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். அது ஈடாகாது என்று இருவருக்கும் தெரியும்.

தவணை முடிய இரண்டு வாரம் இருந்தபோது சுற்றாடல் பாடத்தில் நூல் தொலைபேசி செய்தார்கள். யோகட் கோப்பையின் அடியில் துளை போட்டு, டீச்சரின் அயல்வீட்டுத் தறியில் மிஞ்சிய நூலைக் கோத்து முடிச்சுப் போட்டார்கள். நூலை விறைப்பாகப் பிடித்தால் ஓசை போகும், தொய்ந்தால் போகாது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக முற்றத்தில் நின்று கத்தினார்கள். கோப்பை இல்லாமலே கேட்கும் அளவுக்குக் கத்தினார்கள். “ஹலோ, கத்தாரா? வாப்பா நிக்காரா?” என்று ஒருவன் கேட்டான். மறுமுனையில் இருந்தவன், “வாப்பா டியூட்டிக்குப் போயிட்டார், பொறகு எடுங்க” என்றான்.

அம்ஹாவும் சிபானாவும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அம்ஹா கோப்பையை வாயோடு சேர்த்து வைத்திருந்தாள். கோப்பையின் விளிம்புக்கு மேலே அவளுடைய கன்னம் அசைவது டீச்சருக்குத் தெரிந்தது. நீண்ட நேரம் அசைந்தது. சிபானா மற்றக் கோப்பையைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை விரித்தாள், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

டீச்சர் நடந்து அவளருகே போய்விட்டார். கை கோப்பைக்கு நீண்டது. ஒரு சாண் தூரம். அந்த நூலில் அப்போதும் ஏதோ வந்துகொண்டிருந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

பிறகுதான் கேட்டார்: “என்ன சொன்னா மகள்?”

“அது எங்கட கத டீச்சர்” என்றாள் சிபானா. அவளுடைய முகத்தில் பழைய பதவி திரும்பியிருந்தது.

தவணை முடிந்தது. புதிய வருடத்தில் அந்த முப்பது பேரும் சுவருக்கு அங்கால், மூன்றாம் தரத்துக்குப் போனார்கள். நதீரா டீச்சரிடம் இடாப்பை ஒப்படைக்கும்போது முனவ்வறா டீச்சர் அட்டைப் பைகளையும் நீட்டினார்.

“இதெல்லாம் நம்மளுக்குச் சரிவராது ராத்தா” என்றார் நதீரா. இருவரும் ஒரே ஊர்; வயதில் இளைய நதீரா இவரை அக்கா என்ற முறையில் அப்படித்தான் அழைப்பார். “நான் பேர் கூப்பிட்டாத்தான் புள்ளையள் அடங்கும்.”

“அம்ஹாக்கு மட்டும்…”

“ஓம், தெரியும். நான் பார்த்துக்கிறன். இனி என்ட புள்ளதானே?”

அது சரியான பேச்சு. முனவ்வறா டீச்சர் பைகளை மடித்துக் கொண்டுவந்து முதலாம் தரத்துக்குப் புதிய பெயர்கள் எழுதினார். பழைய அட்டைகளைத் தூக்கிப் போடவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

இரண்டு வகுப்புக்கும் நடுவே இருப்பது அரைச் சுவர். மேலே பலகை அடித்திருக்கிறது. காலையில் நதீரா டீச்சர் பெயர் கூப்பிடத் தொடங்கும் நேரம் முனவ்வறா டீச்சருக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் புதிய பிள்ளைகளுக்கு வாயில் விரல் வைத்துக் காட்டுவார். அவர்கள் அதை விளையாட்டென்று நினைத்து அவரோடு சேர்ந்து விரல் வைப்பார்கள்.

“அம்ஹா.”

“வந்திரிக்கா டீச்சர்!” சிபானா. நதீரா டீச்சர் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவார். இப்படி முதல் மாதம் போனது. அடுத்ததும் போனது. முதலாம் தரப் பிள்ளைகள் புளியங்கொட்டையை மூக்கில் போட்டார்கள், கடையில் மணல் விற்றார்கள், சாரியில் கை துடைத்தார்கள். நஸீர் நோன்புப் பெருநாளுக்கு வருவதாகச் சொல்லி, பிறகு ஹஜ் பெருநாளுக்கு என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மழையும் இல்லை, விசேஷமும் இல்லை. சுவருக்கு அப்பால் முதற் பெயர் கூப்பிடப்பட்டது. சிபானாவின் குரல் வரவில்லை. சிறிய இடைவெளி. பிறகு ஒரு குரல் வந்தது.

“வந்திரிக்கன்.”

சற்றுக் கரகரத்த, எதிர்பார்த்ததைவிடத் தடித்த குரல். அந்த வகுப்பின் இருபத்தொன்பது குரல்களையும் அவர் அறிவார். இருட்டில் வைத்தாலும் பிரித்துச் சொல்வார். இந்தக் குரலை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அதனால்தான் அது யாருடையது என்று தெரிந்தது.

நதீரா டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்துகொண்டு எழுதியிருப்பாராக்கும். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

முனவ்வறா டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கதிரையில் ஏறினால் பலகை இடுக்கால் பார்க்கலாம். கதிரையும் பக்கத்தில்தான் இருந்தது. அந்தச் சொல் அவருக்காகச் சொல்லப்பட்டதல்ல. சுவரைத் தாண்டி வந்தது, வந்த அளவு போதும் என்று நினைக்கப் பார்த்தார். போதவில்லை. இன்னொரு தடவை கேட்கவேண்டும்போல இருந்தது. நாளைக்குத்தான் கேட்கலாம், அதுவும் அவள் சொன்னால்.

“டீச்சர்,” என்று விரலை வாயிலிருந்து எடுக்காமலே ஒரு சின்னப் பெண் கேட்டாள், “இனிக் கதைக்கலாமா?”

“ஓம் மகள்,” என்றார். “கதைங்க.”